காளவாசல் தெருவின் நூற்றுப் பதினெட்டுப் பேர்

நல்லடைந்தான் பேரூராட்சிக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, ஊர் எல்லையில் வளைவு கட்டுவதா பூங்கா வைப்பதா என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். வளைவுக்கு இடம் கொடுக்க யாருக்கும் மனசில்லை, பூங்காவுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் நாலாவது கூட்டத்தில்தான் தெரிந்தது; சரி, போகட்டும், ஒரு புத்தகம் போடுவோம் என்று முடிவானது. ‘நல்லடைந்தான்: வரலாறும் மக்களும்’ என்று அன்றைக்கே பெயரும் வைத்தாயிற்று. முன்பாதியில் ஊர் எப்படி உண்டானது என்று இருக்கும். பின்பாதியில் தெருத் தெருவாக, வீடு வீடாக, ஊரில் உள்ள எல்லார் பேரும் இருக்கும். புதிதாக வரப்போகும் ஆற்றுத் தண்ணீர்க் குழாயும் இந்தப் புத்தகத்தில் பேர் உள்ளவர்களுக்குத்தான் என்று பேரூராட்சித் தலைவர் சங்கரலிங்கம் சொன்னதும், அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வரலாற்றைப் புலவர் மாசிலாமணி எழுதினார். ஒன்பது குடும்பங்கள் ஒன்பது பித்தளைப் பெட்டிகளோடு வடக்கேயிருந்து வந்ததையும், வழியில் காணாமல் போன காளை நல்லபடியாக வந்து அடைந்த இடத்திலேயே அவர்கள் தங்கிவிட்டதையும், அதன் பிறகு கோயில் எழுந்ததையும், கோபுரம் எழுந்ததையும், சத்திரம் எழுந்ததையும், பள்ளிக்கூடம் எழுந்ததையும் தொண்ணூறு பக்கத்துக்கு உருகி உருகி எழுதியவர், அவையெல்லாம் எந்தச் சுண்ணாம்பால் எழுந்தன என்பதற்கு, ‘ஊரின் கிழக்கே சுண்ணாம்பு சுடுவோர் சிலர் வசித்தனர்’ என்று ஒரே ஒரு வரி கொடுத்தார். அந்தச் சிலர் இன்னமும் அங்கேதான் வசித்தார்கள். சுண்ணாம்பு சுட்ட காளவாசல் அணைந்து நாற்பது வருஷமாகி, தெருவின் பேரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அவர்கள் ஊர்க் குப்பையை அள்ளினார்கள், சாக்கடையைத் தள்ளினார்கள், ஊர் அவர்களைப் பார்க்காமலே அவர்களிடம் வேலை வாங்கப் பழகியிருந்தது.

மக்களை எழுதும் வேலை, எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் யார் தலையில் விழுமோ அவர்கள் தலையிலேயே விழுந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பதினோரு பேருக்கும் தெருக்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். காளவாசல் தெரு, ஐந்தாம் வகுப்புச் சண்முகவடிவு டீச்சருக்கு வந்தது.

சண்முகவடிவுக்கு வயது நாற்பத்தொன்பது. தங்கமான டீச்சர் என்று ஊரில் யாரும் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச் செயல் என்று அச்சடித்திருக்கிறதே, அதைப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று சொன்ன பிறகுதான் அவள் பாடத்தையே தொடங்குவாள். அப்படிப்பட்டவள் மாசி மாதத்து வெயிலில், படிவக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, காளவாசல் தெருவின் முதல் வீட்டு வாசலில் போய் நின்றாள். அது சுடலியின் வீடு. சுடலி பஜாரைக் கூட்டுகிறவள். டீச்சர் வீட்டு முன்னாலும் தினம் கூட்டுகிறவள். வந்திருப்பது யார் என்று பார்த்ததும் அவள் உள்ளே ஓடிப் போய், தேய்த்துத் தேய்த்து மஞ்சளாய் மின்னிய செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

“வெயில்ல வந்திருக்கிய. குடிங்க டீச்சரம்மா.”

“இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்,” என்றாள் டீச்சர்.

சுடலி கையிலிருந்த செம்பை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், ஏதோ தப்பான பொருளைக் கையில் வைத்திருந்ததுபோல. டீச்சரால் அதைப் பார்க்க முடியவில்லை. இவர்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லையே என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், இல்லைதான் என்று பதிலும் கிடைத்தது, ஆனால் தொண்டை மட்டும் மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. இன்னும் இருபத்தாறு வீடு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு செம்பு வரும். ஒவ்வொரு செம்பும் ஒவ்வொரு முதுகுக்குப் பின்னால் போகும். தலை வலிக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் படிவங்களைப் பரப்பிக்கொண்டு, தெருவையே வீட்டிலிருந்து எழுதி முடித்தாள். பேருக்கு எங்கே போவது? அடுப்படிக் கம்பியில் இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் குத்திக் கிடந்தன. அவற்றின் அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று வரிசையாய் நிற்கும் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக இறக்கி வீட்டுக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று குடியேற்றினாள். ஆண்களுக்கு முப்பத்தைந்து வயது, பெண்களுக்கு முப்பது, பிள்ளைகளுக்குப் பத்து, ஐந்து. தொழில் என்ற இடத்தில் எல்லாருக்கும் கூலி. மனசு கொஞ்சம் உறுத்தியதால், தன்னால் ஆன உபகாரம் என்று, எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும் என்று போட்டாள். ‘இவ்வூருக்கு வந்த காரணம்’ என்ற கடைசிக் கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அதை அப்படியே விட்டாள். இருபத்தேழு வீடு, நூற்றுப் பதினெட்டுப் பேர். பள்ளிக்கூடத்தில் கொடுத்தபோது, முதலில் முடித்தது நீங்கள்தான் டீச்சர் என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதே முக்கால் டவுன் பஸ்ஸிலிருந்து அந்த நூற்றுப் பதினெட்டுப் பேரும் இறங்கினார்கள். ஐம்பது பேருக்கு மேல் கொள்ளாத பஸ் அது; கண்டக்டரைக் கேட்டதற்கு, யாருக்கும் டிக்கெட் கிழித்ததாக ஞாபகமில்லை, ஆனால் யாரும் நின்றுகொண்டும் வரவில்லை என்றார். ஆண்களெல்லாம் முப்பத்தைந்து வயதுக்காரர்கள், பெண்களெல்லாம் முப்பது வயதுக்காரிகள், பிள்ளைகள் பத்தும் ஐந்துமாக இரண்டே உயரம். யார் நீங்கள் என்று கேட்டால் பேர், குடும்பத் தலைவருக்கு உறவு, வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியும் என்று அதே வரிசையில் சொன்னார்கள். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் நிறுத்திவிட்டுத் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

ஊர் அதிசயப்படவில்லை. ஒன்பது குடும்பம் காளைமாட்டைத் தேடி வரலாம் என்றால் நூற்றுப் பதினெட்டுப் பேர் பஸ்ஸில் வரக்கூடாதா? பேர்களைக் கேட்டதும் ஊருக்கு மனசு குளிர்ந்துபோனது. கல்யாணசுந்தரம், காந்திமதிநாதன், உலகம்மாள், சிவகாமிநாதன்: எல்லாம் சன்னதித் தெரு வீடுகளில் புழங்குகிற பேர். டீக்கடையில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்கள், பித்தளை டம்ளரில் டீ கொடுத்தார்கள், இன்னார் மகளைக் கட்டியவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று உறவு விசாரித்தார்கள். அதன் பிறகுதான் கடைக்காரர், எந்தத் தெருவுக்குப் போகணும் என்று கேட்டார். காளவாசல் தெரு என்று நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஊருக்குக் குழப்பம் பிடித்தது. பேரைப் பார்த்தால் டம்ளரில் கொடுக்க வேண்டும், தெருவைப் பார்த்தால் கொடுக்கக்கூடாது. எதைப் பார்ப்பது என்று இரண்டு நாள் யோசித்த கடைக்காரர், மூன்றாம் நாள் டம்ளர்களையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டு எல்லாருக்கும் காகிதக் கப்பில் கொடுக்க ஆரம்பித்தார். மற்ற கடைகளும் அப்படியே மாறின. ஊரின் சுகாதார உணர்வு உயர்ந்துவிட்டது என்று சங்கரலிங்கம் மேடையில் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். முடிவெடுக்காமலே ஒரு முடிவுக்கு வருவதில் நல்லடைந்தானை மிஞ்ச ஆள் கிடையாது.

வந்தவர்களும் தொந்தரவு இல்லாதவர்கள். காலையில் பஸ் ஸ்டாண்டில் கூலிக்கு நிற்பார்கள். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போவார்கள், எதிலும் தேர்ந்தவர்கள் இல்லை, எதையும் கெடுப்பவர்களும் இல்லை. படிக்கத் தெரியும் என்பதால் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்தார்கள், போஸ்டர், கடைப் பலகை, மாவு மூட்டை, கல்வெட்டு என்று ஒன்று விடாமல்.

காளவாசல் தெரு அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். இருபத்தேழு வாசலிலும் நாலும் ஐந்துமாக வந்து நின்றவர்களைப் பார்த்து, உள்ளே வாங்க என்றார்கள். ஏற்கனவே அங்கே இருநூற்று மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பந்தியாகச் சாப்பிட்டார்கள், படுக்க இடமில்லாத ஆண்கள் பழைய காளவாசலின் மேட்டில் படுத்தார்கள்.

சண்முகவடிவு டீச்சர் மட்டும் பஸ் ஸ்டாண்ட் வழியே போவதை விட்டுவிட்டாள். முதல் நாளே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியே அந்த வரிசையைப் பார்த்தபோதே, தன் மேசையில் பிறந்தவர்கள் என்று உணர்ந்தாள். வெட்கம் அவளுக்குக் காய்ச்சல்போல வந்தது, ஆனால் இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதவரை அது ஊரின் அதிசயம். சொல்லிவிட்டால் அவளுடைய கேவலம்.

சித்திரை மாதம், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதற்காக, பேர்களையெல்லாம் பேரூராட்சிச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் சுடலி பள்ளிக்கூடத்துக்கு வெளியே காத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் வீட்டில் இருக்கும் கல்யாணசுந்தரம்தான் சுவர் முழுவதையும் படித்துச் சொல்லியிருக்கிறான்.

“டீச்சரம்மா, வந்தவுக பேரு எல்லாம் இருக்கு. எங்க பேரு ஒண்ணுகூட இல்லியாமே. நாங்க இங்கனயேதான இருக்கோம்?”

பார்க்கிறேன் என்றாள் டீச்சர். பேர் இல்லையென்றால் குழாய் இல்லையாம் என்று சுடலி சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் மறுபடி சொன்னாள். தன்னைவிட மூத்த ஒருத்தியை இத்தனை வருஷமாக நீ, போ என்றே சொல்லிவந்திருப்பது அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

படிவங்களைத் திருப்பி வாங்கி வந்து, மறுநாள் காலை முதல் படிவத்தை எடுத்து, முதல் பேரைச் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தாள். இவர்களை ஒவ்வொருவராக அடித்துவிட்டு, மேலே உண்மையான பேரை எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்பது அவள் எண்ணம். இரண்டாவது பேருக்குப் பேனாவைக் கொண்டுபோகும்போதே தெருவில் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கல்யாணசுந்தரம் விழுந்துவிட்டானாம்; இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை நெருப்பில் இழுத்ததுபோல் சிவப்பாக ஒரு கோடாம்; உயிர் இருக்கிறதாம், எழுந்திருக்க முடியவில்லையாம்.

டீச்சர் பேனாவை மூடினாள். ஒரு வாசலில் நிற்கக் கூசியவள், இப்போது ஒரு மனுஷனைச் சாய்த்துவிட்டாள். வெட்கத்துக்கும் அடியில் ஒரு படி இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. படிவக் கட்டை எடுத்துக்கொண்டு, பஜார் வழியாகவே, எல்லாரும் பார்க்கக் காளவாசல் தெருவுக்கு நடந்தாள்.

சுடலியின் வீட்டில் கல்யாணசுந்தரம் பாயில் கிடந்தான். அவன் தலைமாட்டில் பத்து வயது மகள் மங்கையர்க்கரசி விசிறிக்கொண்டிருந்தாள். டீச்சர் பாயின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, அடித்த பேரை மறுபடி எழுதி, பக்கத்தில், பதிவேடுகளில் தவறிப்போய் அடித்துவிட்டால் டீச்சர்கள் எழுதுவதுபோல, ‘அடித்தது தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கல்யாணசுந்தரம் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் முதல் காரியமாக, அடித்தது தவறு, சண்முகவடிவு என்று வாய்விட்டுப் படித்தான். கோடு மட்டும் அப்படியே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

சுடலி சுவரில் சாய்ந்து நின்று படிவத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுப் பேரும் எந்தக் கையிலிருந்து வந்தார்கள் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிப்போயிற்று. டீச்சர் அவள் திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். சுடலி, எழுத வந்தீங்கன்னா எழுதுங்க என்று மட்டும் சொன்னாள்.

டீச்சர் புதுப் படிவம் எடுத்து எழுதத் தொடங்கினாள். சுடலி, வயது ஐம்பத்திரண்டு. அவள் புருஷன் மாடசாமி, வயது ஐம்பத்தெட்டு. பிறகு அடுத்த வீடு, அடுத்த வீடு. முப்பத்தேழு, அறுபத்தொன்று, நாற்பத்துமூன்று, ஏழு மாதம் என்று ஒழுங்கில்லாமல் வந்த வயதுகளை எழுத எழுத, முப்பத்தைந்தும் முப்பதுமாகத் தான் எழுதியது எவ்வளவு சோம்பேறித்தனம் என்று அவளுக்கு முகம் சுட்டது. பிறந்த ஊர் என்ற இடத்தில் எல்லாரும் நல்லடைந்தான் என்றார்கள். எத்தனை தலைமுறையாக என்று கேட்டால், அந்தக் காளைமாடு வந்தப்ப அதுக்குத் தண்ணி காட்டினதே எங்க ஆளுகதான் என்று மாடசாமி சொன்னான்.

சித்திரை வெயில் சும்மா இல்லை. பத்தாவது வீட்டில் அவளுக்கு நாக்கு வறண்டது, பதினைந்தாவது வீட்டில் எழுத்து மங்கியது. ஒரு வீட்டிலும் தண்ணீர் கொடுக்கவில்லை. கோபத்தால் அல்ல, டீச்சர் குடிக்க மாட்டாள் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது, சங்கடப்படுத்த வேண்டாம் என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் கேட்பது? இருபத்தேழு வீட்டையும் தாகத்தோடேயே எழுதி முடித்தாள்.

இருநூற்று மூன்று பேர் ஆனதும், பழைய படிவங்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. தெரு முழுவதும் அங்கே கூடியிருந்தது. கிழித்துவிடலாமா என்று டீச்சர் தயங்கிக் கேட்டபோது, கல்யாணசுந்தரம் தன் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

“அவியளும் இருக்கட்டும்,” என்றாள் சுடலி. “கூடச் சேத்து எழுதுங்க. ஒண்ணு மட்டும் செய்யணும். எதுக்கு வந்தீகன்னு கேட்டா அவிய கையப் பாக்காவ. பாக்கச் சகிக்கல. அதை எழுதிக் குடுங்க.”

“நான் என்னன்னு எழுத?”

“நீங்கதான எழுதினிய. உங்களுக்குத்தான தெரியும்.”

டீச்சர் பழைய படிவங்களில் முதலாவதை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு, வந்த காரணம் என்ற கட்டத்தில், ‘கணக்கெடுக்க ஆள் வராததால்’ என்று எழுதினாள். கல்யாணசுந்தரம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அதைச் சத்தமாகப் படித்தான்.

“ஆளா?” என்றாள் சுடலி.

டீச்சர் ‘ஆள்’ என்ற சொல்லுக்கு மேலே, அடிக்காமல், ‘டீச்சர்’ என்று எழுதினாள். எழுதிக்கொண்டேயிருந்தாள், நூற்றுப் பதினெட்டு முறை. எங்கே தன் பேரை எழுத வேண்டியிருக்குமோ என்று கடைசிவரை பயந்தாள். பேரையும் எழுதுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவும் எழுதவில்லை. டீச்சர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் கூசியது.

புத்தகம் வைகாசியில் வந்தது. காளவாசல் தெருவுக்கு முந்நூற்று இருபத்தொரு பேர் அச்சானார்கள், இருபத்தேழு வாசலிலும் குழாய் வைத்தார்கள். வந்த காரணம் என்ற கட்டத்தை, பக்கம் மிச்சமாகும் என்று சொல்லி, சங்கரலிங்கம் எடுத்துவிட்டார். அவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். டீச்சரைப் பஜாரில் கண்டபோது, ஊர் மானம் நம்ம கையில இருக்கு டீச்சர் என்று மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததே என்று அழுகையும் வந்தது.

ஆனால் புத்தகத்தில் இல்லாதது வாயில் இருந்தது. இப்போது யார் கேட்டாலும் வந்தவர்கள் கையைப் பார்க்கவில்லை. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், கணக்கெடுக்க டீச்சர் வராததால் வந்தோம் என்று சுருதி மாறாமல் சொன்னார்கள். அதனால் ஊர் கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஏன் வரவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி என்று எல்லாருக்கும் தெரியும். அதன் பதிலில் தங்கள் வீட்டுச் செம்பும் டம்ளரும் இருக்கின்றன என்றும் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள், அதில் மூன்றாம் பெஞ்சில் மங்கையர்க்கரசி. முதல் நாள் புதுப் பிள்ளைகள் எழுந்து பேர், தெரு, இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்று சொல்வது டீச்சர் வகுப்பில் வழக்கம். இவளை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வரிசையில் ஒரு பிள்ளையைத் தாண்டிப் போனால் அது மறுபடியும் ஒரு வாசலைத் தாண்டிப் போனதாகிவிடும்.

மங்கையர்க்கரசி எழுந்து நின்று பேரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், கணக்கெடுக்க டீச்சர் வராததால் வந்தோம் என்றும் தெளிவாகச் சொன்னாள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சன்னதித் தெருப் பிள்ளை ஒருத்தி, பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வியைக் கள்ளமில்லாமல் திரும்பிக் கேட்டாள்.

“எந்த டீச்சர்?”

அது எழுதப்படவில்லை. மங்கையர்க்கரசி வாயைத் திறந்து, சொல்ல ஒன்றுமில்லாமல் மூடி, குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“நான்தான்,” என்றாள் சண்முகவடிவு.

குரல் வெளியே வரவில்லை. பிள்ளைகள், என்ன டீச்சர் என்றார்கள். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.